இடது ஓரத்தில் நின்றவர்

வாசகரே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். என் மேசையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஆறு, ஒரே மலை, மலையுச்சியில் ஒரே கோட்டை. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் நிற்கும் மார்க்ஸ்பூர்க் கோட்டை அது. உல்லாசக் கப்பலின் மேல்தட்டிலிருந்து ஒரு பயணி எடுத்தது. முதற்படத்தின் இடது ஓரத்தில், கீழ்த்தட்டுக் கம்பியருகே ஒருவர் நிற்கிறார். பெரிய வெள்ளை மேசை விரிப்பொன்றை இடது முழங்கையில் மடித்துப் போட்டு, அதன் ஒரு நுனியைப் பல்லில் கடித்தபடி, மிகுதியை உதற வலக்கையை ஓங்கியிருக்கிறார். இரண்டாவது படத்தில் அவர் இல்லை. வெட்டிவிட்டார்கள். வெட்டிய கை சற்றுத் தவறியதால் துணியின் ஒரு முனை மட்டும் ஓரத்தில் மிஞ்சியிருக்கிறது. அந்த முனையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு என் கோபம் நியாயமா என்று சொல்லுங்கள்.

அவர் என் அக்காவின் கணவர். கடலோடு சேரும் பனிச்சங்கேணிக் களப்பில் வீச்சுவலை வீசியவர். வலை வீசுபவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலை தெரியும்: வலையின் பாதி இடது முழங்கையில், விளிம்பு பல்லில், உடல் சற்றே முறுகி, பார்வை நீரின் மேல். அந்தக் கணத்தில் அவரால் வாய் திறக்க முடியாது. அப்போதுதான் மேடைப் பேச்சுப் பயிலத் தொடங்கியிருந்த எனக்கு அதைவிட நல்ல எதிராளி கிடைக்கவில்லை. கரையில் நின்று என் வாதங்களையெல்லாம் முழங்குவேன். வலை வட்டமாக விழுந்து, வாய் விடுபட்ட பிறகே பதில் வரும்: “மச்சான், மீனெல்லாம் உனக்குக் கை தட்டிற்றுப் போயிற்று. இனி நான் எதப் புடிக்க?”

சுனாமியன்று கடல் முகத்துவாரத்தால் ஏறிவந்த காலையில் அவருடைய தோணியும் வலையும் போயின; வீடும் போயிற்று. அக்காவும் அவரும் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பினார்கள். மறு ஆண்டு ஒரு முகவரின் பேச்சை நம்பி ஐரோப்பாவுக்குப் போனார். ஆறுகளில் ஓடும் உல்லாசக் கப்பலொன்றில் சமையலறை வேலை. ஊர்க் கடைத் தொலைபேசிக்கு அழைப்பார். “ஆறு எண்டு சொல்றாங்க மச்சான். உப்புமில்ல, இறாலுமில்ல. ரெண்டு பக்கமும் கோட்டதான்” என்று சிரிப்பார். பின்னர் வாகரைப் பக்கம் போர் வந்தது. ஷெல் மழைக்குள் நடந்து, வவுணதீவில் அத்தானின் அண்ணன் வளவில் ஒதுங்கினோம். கடை இடிந்தது, தொலைபேசி ஊமையாயிற்று. கொழும்பு முகவர் கதவைப் பூட்டிக்கொண்டு மறைந்துவிட்டார். கப்பலின் பெயரை எங்களில் எவரும் கேட்டு வைக்கவில்லை. எங்கள் ஊரில் தோணிக்குப் பெயரில்லை. ஆளின் பெயர்தான் தோணிக்கும். ஆள் எங்களுடையவராக இருக்கையில் கப்பலுக்கென்ன பெயர் என்று இருந்துவிட்டோம்.

செய்தியற்று இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அத்தானின் அண்ணன் கெட்டவரல்லர். எங்களுக்குச் சோறு போட்டவர். ஆனால் ஊர்வாய்க்குப் பயந்தவர். “புள்ள, எத்தன நாளைக்குப் பொட்டு வச்சிற்றுக் காத்திருப்பாய்? அவன்ட ஆத்மாவும் அலையக் கூடாது. வட்டையில வெட்டு முடிஞ்சதும் கிரியையச் செய்வம். மறுகா சனம் கதைக்கும்” என்றார். வட்டை என்ற அந்த வயல்வெளியில் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அடுப்பை ஊதினாள். உயிரோடிருக்கக்கூடிய ஒரு மனிதரை இறந்தவராக்க அறுவடைதான் தவணை.

அப்போது நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இன்டர்நெட் கடையில் தேடித்தேடி, ஆற்றுக் கப்பல் பயண ஆர்வலர்களின் பக்கமொன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் தம் பயணப் படமொன்றை இடுவார். அது எந்த ஊர், எந்தக் கோபுரம் என்று மற்றவர்கள் ஊகிப்பார்கள். முதலில் சரியாகச் சொன்னவர் அடுத்த படத்தை இடலாம். எங்கள் பக்கம் மனிதர்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்த காலத்தில், உலகின் இன்னொரு மூலையில் கோபுரங்களைத் தேடி மகிழ்ந்திருந்தார்கள். அதில் குற்றமில்லை. குற்றம் பிறகு நடந்தது.

ஒரு நாள் அக்காவையும் கடைக்கு அழைத்துப் போனேன். திரையில் இந்தக் கோட்டைப் படம் வந்தது. நாங்கள் இருவரும் கோட்டையைப் பார்க்கவேயில்லை. கை தூக்கிய விதம், கடித்த பல், முறுகிய முதுகு. அக்காவின் விரல் திரையில் பதிந்து அங்கேயே நின்றது. ஆனால் நம்புவதற்கு அவள் பயந்தாள்.

“முகம் சரியாத் தெரியல்லயேடா. உலகத்தில வலை வீசினவர் உன்ட அத்தான் மட்டுமா?”

“மேச விரிப்ப ஆரக்கா பல்லில கடிப்பாங்க?”

அவள் அழவும் சிரிக்கவும் தொடங்க, கடைக்காரப் பொடியன் கதிரையைக் கொண்டுவந்து போட்டான்.

படத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டு அன்றே எழுதினேன். ஓரத்தில் நிற்பவர் என் அக்காவின் கணவராக இருக்கலாம், போரில் தொடர்பறுந்தது, கப்பலின் பெயரைத் தயவுசெய்து சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டேன். மறுநாள் படத்தை இட்டவரின் பதில் இருந்தது. எனக்கல்ல, மற்ற உறுப்பினர்களுக்கு. ‘ஒரு பணியாள் குறுக்கே நின்று காட்சியைக் கெடுத்ததை நான் கவனிக்கவில்லை, மன்னியுங்கள், இதோ சுத்தமான படம்.’ நீங்கள் பார்த்த இரண்டாவது படம் அதுதான். என் கேள்வியை நீக்கியிருந்தார்கள். அது இடங்களை ஊகிக்கும் பக்கம், ஆட்களை விசாரிக்கும் பக்கமல்ல என்றொரு நினைவூட்டலும் வந்தது. சுத்தம் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முறையாக வெறுத்தேன். அவர் உதறிய விரிப்பில் உண்டவர்கள், அவரை உதறிவிட்டுப் படத்தைச் சுத்தமாக்கினார்கள். அலையால் முடியாததை, ஷெல்லால் முடியாததை, ஒரு சுட்டு விரல் சத்தமில்லாமல் செய்து முடித்தது.

கெஞ்சிப் பயனில்லை என்று விளங்கியது. அவர்களுடைய விதியாலேயே வெல்வதென்று முடிவெடுத்தேன். காலையில் கடை திறக்கும் நேரம் அங்கே அவர்கள் உறங்கும் நேரம். நாள்தோறும் முதல் ஆளாகப் போய் அமர்ந்தேன். ஒரு காலை, இரவோடிரவாக யாரோ இட்ட படம் காத்திருந்தது. ஆற்றங்கரைக் கல்விளிம்பில் ஆணும் பெண்ணும் குழந்தையும் கழற்றி வைத்ததுபோல் இரும்புச் சப்பாத்துகள். நூலகச் சஞ்சிகையொன்றில் பார்த்திருந்தேன். புடாபெஸ்ட், தன்யூப் நதிக்கரை. யூத மக்களைச் சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லி ஆற்றுக்குள் சுட்டு வீழ்த்திய இடத்தின் நினைவுச்சின்னம். முதல் ஆளாகப் பதில் எழுதினேன். எங்கள் களப்புகளுக்கும் அப்படிக் கரைகள் உண்டு. சப்பாத்துகள் மட்டும் இல்லை. மாலையில் பார்த்தபோது பாராட்டுகள் குவிந்திருந்தன. இல்லாத மனிதர்களின் இரும்புச் சப்பாத்துக்கு முன் மௌனமாக நின்றதாகப் பலர் எழுதியிருந்தார்கள். நிற்கவேண்டிய இடம்தான். நானும் நிற்பேன். ஆனால் காலில் சப்பாத்தோடு உயிருடன் நிற்பவரை ஏன் வெட்டினீர்கள்?

அந்தக் கேள்வியோடு வெட்டப்படாத முதற்படத்தை இட்டேன். ‘இடத்தைக் கேட்கவில்லை. இந்த மனிதர் யார்?’ விதிமீறல் என்று பலர் சீறினார்கள். அதுவும் நீக்கப்படுமுன் ஒரு பெண்மணி எழுதினார்: ‘தினமும் எங்களுக்குச் சூப் கொண்டுவந்தவர். பெயரைக் கேட்காமல் போனதற்கு வெட்கப்படுகிறேன்.’ அடுத்த வரியில் கப்பலின் பெயர் இருந்தது. அதன் அலுவலகத்துக்கு என் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.

வன்னியில் போர் முடிந்ததென்று நகரில் வெடி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பகலில் அழைப்பு வந்தது. வெடிச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தக் குரல்: “மச்சான், அந்தக் கட நம்பருக்கு அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனன். நீங்க ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிற்றன்.” அக்கா தொலைபேசியைப் பறித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். வட்டையில் அறுவடை முடிந்திருந்தது; படத்தைக் காட்டியே அக்கா கிரியையைத் தள்ளிப்போட்டிருந்தாள். அண்ணன் கிரியை பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

அத்தான் இப்போது மீண்டும் பனிச்சங்கேணியில் வலை வீசுகிறார். களப்பின் மேலுள்ள பாலத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். போன மாதம் நான் கரையில் நிற்கையில், பாலத்திலிருந்து ஒருவர் கமராவைத் தூக்கினார். மற்றக் கையின் விரல்களை அசைத்து, தோணியை அப்பால் கொண்டுபோகும்படி சைகை காட்டினார். அவர் எந்த நாட்டவர் என்பது எனக்குத் தேவையில்லை. அத்தான் வலையை மெல்ல இறக்கி வைத்தார், கோலை ஊன்றினார், விலகினார். நான் கத்தினேன். என் மேடைக் குரல் முழுவதும் அன்று பயன்பட்டது. அவர் கரைக்கு வந்து, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் சொன்னார்: “கப்பல்ல கமரா தூக்கினா விலகிறதும் ஒரு வேலதான் மச்சான். அண்டைக்கு வாயிலயும் கையிலயும் துணி. விலக ஒண்ணாமப் போயிற்று.”

மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். “அண்டைக்கு நீங்க விலகியிருந்தா, எனக்கு நீங்க செத்த ஆள்.”

அவர் மீண்டும் தோணியில் ஏறினார். தோணியைத் திருப்பி, பாலத்தின் கீழ் முன்பு நின்ற அதே இடத்துக்குக் கொண்டுபோனார். கமரா இன்னும் மேலே இருந்தது. வலையை எடுத்து இடது முழங்கையில் போட்டார். விளிம்பைக் கடிப்பதற்கு முன், பாலத்துக்கும் கரையில் அக்காவுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்:

“இனி ஆருக்கும் விலக மாட்டன் கா!”