தனசிங்கைச் சுட்டது யார்?

குன்னூர் தேயிலை ஃபேக்டரியொன்றில் இலை வாட்டும் தனசிங்குக்கு எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். பட்டாளத்துக்காரர்கள் பைக் கும்பலைப் பழிவாங்கும் சினிமா எடுக்க ஊருக்குள் ஆட்கள் வந்ததும், லீவு போட்டுவிட்டு நடிக்கப் போய்விட்டார். அங்கே ஆளுக்குப் பஞ்சம். காலையில் பட்டாளத்து உடுப்பில் நின்று சுட்டார். மதியம் ஒட்டுத்தாடியுடன் பைக்கிலிருந்து விழுந்து செத்தார்.

"ஏனுங்க, என்னைச் சுட்டது யாருங்க?" என்று டைரக்டரைக் கேட்டார்.

"படத்துல பாத்துக்கங்க, போங்க!" என்று அவர் எரிந்து விழுந்தார்.

படம் செல்போனில் வந்தது. சுட்டவரும் தனசிங், குண்டு பாய்ந்து விழுந்த தாடிக்காரரும் தனசிங். நம்பாமல் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவி ஜோவிதா கேட்டாள்: "ஏனுங்க, சோறு யாருக்குப் போடட்டும்? சுட்டவருக்கா, செத்தவருக்கா?"