நாப்பது மூட்டையும் கடல் பக்கத்து மேகமும்

நெல்லை அறுத்தா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க, அதை விக்கப் போனதில்லைன்னு அர்த்தம். மதுராந்தகம் ஏரித் தண்ணியில ஒன்றரை ஏக்கர் பயிர் வைக்கிறவ நான். இந்தப் போகத்துக்கு நாப்பது மூட்டை. மெஷின் அறுத்துக் களத்துல கொட்டிட்டுப் போன அன்னைக்கே கிழக்கே கறுத்துக்கிட்டு வந்தது. நனைஞ்சா முளைச்சிடும். அந்தப் பயம் உங்களுக்கும் தெரிஞ்சதுதானே?

கேட்டுல மாட்டின போன்

முன்னெல்லாம் கொள்முதல் நிலையத்துக்கு நேரா மூட்டையை ஏத்திக்கிட்டுப் போவோம். இப்ப முதல்ல கம்ப்யூட்டர்ல பதியணும். இ-சேவை மையத்துல போன் நம்பர் கேட்டாங்க. மகள் செல்வி நம்பரைப் பெருமையா ஒப்பிச்சேன். அவளுக்கு மறைமலைநகர்ல கார் பாகம் செய்யிற கம்பெனியில வேலை. உள்ளே போறப்ப போனைக் கேட்டுலயே வாங்கி வெச்சிடுவாங்க. சரிபார்க்கிற நம்பர் அந்தப் போனுக்குத்தான் போச்சு. கொஞ்ச நேரத்துல சொல்லலைன்னா அது செல்லாது. மூணு தடவை அனுப்பிப் பார்த்துட்டு மையத்துப் பொண்ணு சொன்னா: "நம்பரு கரெக்டா போய்க்கினுதான் கீது ஆயா, கேட்டுல வாட்ச்மேன் படிச்சிக்கினு இருப்பாரு!"

ஆள் இல்லாத ரோடு

மறுநாள் செல்வி போனை என் கையில குடுத்துட்டு கம்பெனி பஸ் ஏறினா. பதிவு ஆச்சு. நிலையத்துல ஒரு பிடி நெல்லை மெஷின்ல போட்டுப் பார்த்து, ஈரம் ஜாஸ்தி, காய வெச்சு எடுத்துட்டு வான்னுட்டாங்க.

எங்க களம் சேறு. பக்கத்துல போன வருஷம் வரைக்கும் நெல் விளைஞ்ச நிலம் இப்ப பிளாட்டு. கல்லு நட்டு, தார் ரோடு போட்டு, ஒரு வூடுகூட வரல. டிராக்டரை அங்கே விட்டு நெல்லைக் கொட்டி, காலால கிளறிக்கிட்டு இருந்தேன். இடம் பார்க்க ஒரு கார் வந்தது. திட்டப் போறாங்கன்னு அவசரமா நெல்லை வார ஆரம்பிச்சா, புரோக்கர் ஓடியாந்து காதுகிட்ட சொன்னாரு: "வாராத ஆயா, அப்படியே கெடக்கட்டும். கிராமம் மாதிரி கீதுன்னு பார்ட்டி மயங்கிடுவாரு!"

தார்ப்பாய்

மூணாம் நாள் ஈரம் சரியா இருந்தது. முப்பத்தெட்டாவது மூட்டை தராசுல ஏறினப்ப முதல் சொட்டு என் கையில விழுந்தது. நாப்பதும் எடை போட்டாச்சு. கொட்டகை நிறைஞ்சு போனதால வெளியிலயே அடுக்கித் தார்ப்பாய் போத்தினாங்க.

ரசீது இடுப்புல இருக்கு. வீட்டுக்குக் கிளம்பலாம். ஆனா காத்துல தார்ப்பாய் ஒரு மூலை எழும்பி எழும்பி அடிக்குது, கால் நகரல. இழுத்துப் பிடிச்சு, கல்லு தேடி மேல வெச்சேன். சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு நின்ன லோடுமேன் ஏகாம்பரம் சிரிச்சான்: "இன்னா ஆயா, ரசீது வாங்கிட்ட இல்ல? இனிமே நனைஞ்சா அது உன் நெல்லா? வூட்டுக்குப் போ!"

போனேன்தான், ஆனா வித்து முடிச்ச நெல்லுக்கும் வழியெல்லாம் வானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு நடக்கிற ஆளுங்க நாம.