அடுத்த ஸ்டேஷன் அர்த்தநாரி

ஸ்டேஷன் மாஸ்டர் அர்த்தநாரி காலமான செய்தி எனக்குத் தந்திக் கம்பி வழியாகத்தான் வந்தது. அவர் விடுப்பில் போனதால் அடுத்த ஸ்டேஷனில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த இளைஞன் அடித்தான். காலைப் பாசஞ்சர் புறப்பட்ட விவரத்தோடு சேர்த்து, அதே வேகத்தில், "அர்த்தநாரி திருச்செங்கோட்டுப் பக்கம் தங்கை வீட்டில் காய்ச்சலில் இறந்துவிட்டார்" என்றான். வண்டி சரியான நேரம், ஆள் போய்விட்டார். இரண்டையும் தெரிந்துகொண்டேன் என்று பதில் அடித்தேன். வேறென்ன அடிப்பது?

சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே இந்த ஒற்றைப் பாதையில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். முகம் பார்த்தவர்கள் குறைவு. கை தெரியாதவர் கிடையாது. தந்திக் கருவியில் ஒவ்வொருவர் விரலுக்கும் ஒரு நடை உண்டு. அர்த்தநாரி அரிசியில் கல் பொறுக்குவதுபோல் நிதானமாக அடிப்பார். அவசரக்காரர்கள் அதற்காக அவரைத் திட்டியதும் உண்டு.

நான் அவருக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு மாஸ்டராக மாற்றலாகி வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாசஞ்சர் வண்டிகளைக் குறைத்திருந்தார்கள். ஸ்டேஷனைச் சுற்றிச் சோளக்காடு. துணைக்கு ஒரு போர்ட்டர், அவனும் வண்டி போனதும் தூங்கிவிடுவான். முதல் நாள் மதியம் கருவி தட்டியது. ரயில் சமாசாரம் இல்லை. 'எல், எம், என்' என்று மூன்றே ஆங்கில எழுத்துகள். ஏதோ ஆபத்துக் குறி என்று பயந்துபோய் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். பிறகுதான் விளக்கினார். அந்த மூன்றும் அதே வரிசையில் வரும் ஆங்கில வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். முன்னும் பின்னும் நடுவிலும் வேறு எழுத்துகள் இருக்கலாமாம். 'லெமன்' என்றேன். "எலுமிச்சம்பழம் எல்லோருக்கும் கிடைக்கும், இன்னும் தேடுங்கள்" என்று வந்தது. மாலை வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் நடந்து, 'ஆல்மண்ட்', 'எலிமெண்ட்' என்று பிடித்துக் கடைசியில் 'ஜென்டில்மேன்' வரை போய்ச் சேர்ந்தேன். "வாருங்கள், ஜென்டில்மேன்" என்று அடித்தார். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பு அது ஒன்றுதான்.

அவர் சட்டங்கள் கடுமையானவை. 'டிக்கெட்', 'சிக்னல்' போன்ற ரயில் வார்த்தைகள் செல்லாது. "அவை சம்பளத்துக்கு அடிப்பவை" என்பார். அகராதி கூடவே கூடாது. "பார்த்தவன் கை ஓடி வரும், தேடியவன் கை தயங்கி வரும்" என்பது அவர் வாக்கு. ஒருநாள் நான் திணறிக்கொண்டிருக்கும்போது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து யாரோ கம்பியில் குறுக்கே புகுந்து விடையைச் சொல்லிவிட்டார். உங்களில் ஒருவர்தான், இப்போதாவது ஒப்புக்கொள்ளலாம். அர்த்தநாரி கோபிக்கவில்லை. "உங்களுக்கும் பொழுது போகவில்லையா, பாவம்" என்று அடித்தார்.

என் அப்பா இறந்த செய்தி வந்தபோது எனக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் வண்டிக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தேன். செய்தி அர்த்தநாரியின் ஸ்டேஷன் வழியாகத்தான் கடந்து வந்தது, அதனால் அவருக்குத் தெரியும். ஆறுதலாக ஒரு வார்த்தை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'சி, ஏ, டீ' என்றார். பூனை! பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கேட்கிற கேள்வி. சுலபமான எழுத்து கொடுப்பதைக் கேவலமாக நினைக்கிற மனிதர், அன்று முழுக்க நாய், மாடு, தொப்பி என்றே கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன்.

நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை. கண் பரிசோதனைக்குச் சேலத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே பெஞ்சில் காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், பியூன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவர்தான் அர்த்தநாரி என்று தெரிந்தது.

"நீங்கதானுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"வெயில் சாஸ்திங்க."

"ஆமாங்க."

ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். அவர் தட்டைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுநாள் காலையில் கருவி தட்டியது: "நேற்று வந்தவர்கள் யாரோ. இனி நாம் பேசலாம்."

அர்த்தநாரி இறந்த செய்தி வந்த அன்றும் எனக்குப் பதில் உடனே ஆள் கிடைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் துக்கம் கேட்கப் போக முடிந்தது. அவர் மனைவி வெகுகாலம் முன்பே போய்விட்டாள், பிள்ளை கிடையாது, தங்கைதான் எல்லாம். வாசலில் நின்ற என்னை அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆருங்க சாமி நீங்க?"

"அடுத்த ஸ்டேஷனுங்க. உங்க அண்ணனோட தினமும் பேசுவேனுங்க."

"எங்கண்ணனா? பேசுவாருங்களா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஊட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டாருங்க. எம்மேல ஏதோ கோவம்னே நெனச்சுப்போட்டேன். கோவத்தோடயே போயிட்டாருன்னுதான் மனசு வேகுதுங்க. எங்களப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

சொன்னதில்லை. மூன்று எழுத்துகளைத் தவிர என்னிடமும் அவர் எதையும் சொன்னதில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"வெரல் மட்டும் சும்மா இருக்காதுங்க" என்று அந்த அம்மாளே தொடர்ந்தார். "சோத்து வட்டல்ல தட்டிக்கிட்டே இருப்பாரு. நடுக்கம்னு எம்மவ எண்ண தேச்சு உடுவா. கடைசி நாளு கட்டல் சட்டத்துலயும் அதே தட்டுத்தானுங்க." பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துத் தட்டியும் காட்டினார்.

தட்டுத் தடுமாறித்தான் தட்டினார். ஆனாலும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரண்டெழுத்தில் ஓர் அழைப்பு உண்டு; பதில் வரும்வரை அதையே திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். அர்த்தநாரி தட்டிக்கொண்டிருந்தது என் ஸ்டேஷனின் அழைப்பு.

"கோவமில்லீங்கம்மா" என்றேன். "ஆளக் கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்காருங்க."

"ஆரைங்க?"

"என்னைத்தானுங்க."

அந்த அம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். கோபமில்லை என்ற நிம்மதியும், பக்கத்தில் இருந்தும் தன்னைக் கூப்பிடவில்லையே என்ற வலியும் அந்த முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப நீங்க ஒருக்கா வந்திருக்கலாமுங்களே, சாமி."

இப்போது அடுத்த ஸ்டேஷனில் இருப்பவன் கெட்டிக்காரன். வேலை முடிந்தால் கம்பியைத் தொடுவதில்லை. அர்த்தநாரியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தச் சொம்பில் கேட்ட அழைப்புதான். அழைப்பு வந்தால் பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் உத்தியோகத்தின் முதல் விதி. எந்தக் கம்பியில் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.