மலை வலப்பக்கம் இருக்க வேண்டும்

மலையடிவாரத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே ஸ்வெட்டரை நினைத்துக்கொள்கிறார்கள். திருச்சியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒருவர், "குளுகுளுன்னு இருக்குமே சார்?" என்று கேட்டார். இருக்காது. எங்கள் மலை ஒரே கல். மரம் கிடையாது, அருவி கிடையாது. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கும்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். கல் எப்படிச் சூடேறும், எவ்வளவு மெதுவாக ஆறும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். ஓய்வு பெற்றதும் அந்தக் கல்லுக்கு எதிரிலேயே மனை வாங்கி வீடு கட்டினேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வீடு வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அதை நான் காதில் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. வாங்கினேன், சிரித்தேன், மறுநாள் மலைப்பக்கத்து மனைக்கு முன்பணம் கொடுத்தேன்.

இலுப்பூர் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரை நகரம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். மலையைச் சுற்றி வளையம் மாதிரி வளர்ந்த ஊர். எந்தத் தெருவில் நேராக நடந்தாலும் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். வழி கேட்டால் கிழக்கு மேற்கு சொல்ல மாட்டோம். "மலைய வலப்பக்கம் வச்சுக்கிட்டுப் போங்க" என்போம். திருச்சி பஸ் ஊருக்குள் வராது. பைபாஸில் இறக்கிவிட்டு, கண்டக்டர் நமக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி விசில் ஊதுவார். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் யாருடைய மடியிலோ பாதி உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். பஸ் வராத பஸ் ஸ்டாண்டு என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். டவுன் பஸ் வருகிறதே என்பார்கள். வருகிறது, அதற்கு மனசு வந்தால்.

என் வீட்டில் போர் போட்டபோது கல்தூள் வந்தது, தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றினால் குரங்கு மூடியைத் திறந்து உள்ளே குளிக்கிறது. பேரூராட்சியில் போய்ச் சொன்னேன். "மலைக்கிட்ட கட்டுனா அப்படித்தான் சார்" என்றார்கள், நான் கட்டும்போது அனுமதி கொடுத்த அதே ஆட்கள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றுவது எங்கள் ஊரில் வெகுநாள் வழக்கம். மலை வலப்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எதிர்த் திசையில் நடப்பது இழவுக் காரியத்துக்கு மட்டும். ஆனாலும் சுற்றும் பாதையிலேயே குடியிருப்பவர்கள் பால் வாங்கவும் பஸ் பிடிக்கவும் போக வேண்டுமல்லவா? அதற்கு ஊரார் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டுச் சுவர்களை ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு எதிரே போகலாம். சுவரோடு போனால் கணக்கில் சேராது. பார்த்தவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

சமீப காலமாக வெளியூர்க் கூட்டம் பெருகிவிட்டது. நடப்பவர்களுக்கு நடுவே பைக்குகள் புகுந்தன. ஒழுங்குக் கமிட்டி ஒன்று போட்டார்கள். ரிட்டையர்டு வாத்தியார் என்று என்னைத் தலைவராக்கினார்கள். நான் வண்டிகளை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். சுவரோடு போகிறவர்களையும் நிறுத்தினேன். விதி என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டை எதற்கு என்று கூட்டத்தில் பேசினேன். கை தட்டினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே கயிறு கட்டி, பௌர்ணமியன்று எதிர்த் திசையில் எவரும் வரக்கூடாது என்று போர்டும் வைத்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டுக்குப் போவதும் எதிர்த் திசைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். புதுக்கோட்டைக்குப் போய்ப் பிசியோதெரபி எடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகக் குணம் தெரிந்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறத் தொடங்கியிருந்தாள். ஒரு பௌர்ணமி சாயங்காலம் அங்கிருந்து திரும்பி வந்தாள். கயிற்றடியில் நான் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் செல்போன் கடைக்காரர், கமிட்டியில் என் கையாள். அவர் அவளைப் பார்த்ததும் கயிற்றைத் தூக்கினார்.

"இருங்க" என்றேன்.

அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடித் தொட்டி தெரியும்.

"சுவரோட போயிர்றேங்க" என்றாள் அவள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. இப்பத்தான் பால்காரம்மாவச் சுத்தி வரச் சொல்லி அனுப்புனேன்."

"அந்தம்மாவுக்குக் கால் நல்லாருக்கு. அனுப்பலாம்."

நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது.

"ரூல்னா எல்லாருக்கும்தான். மெதுவாச் சுத்தி வந்துரு. புண்ணியமாவது கெடைக்கும்."

"புண்ணியத்த நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு திரும்பி நடந்தாள். வீட்டுக்கு முதுகைக் காட்டி, மலையை முழுக்கச் சுற்றி.

கூட்டம் கலைந்து நான் வீட்டுக்குப் போனபோது அவள் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. சிகிச்சையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மகள் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் சத்தம்கூடப் போடவில்லை. "அம்மா இனிமே எங்கூடத்தான் இருப்பாங்கப்பா. அங்க லிஃப்ட் இருக்கு" என்றாள்.

கமிட்டியிலிருந்து விலகினேன். கயிறும் போர்டும் விலகவில்லை. அடுத்த தலைவர் என்னைவிடக் கறார். வாரம் ஒருமுறை திருச்சிக்குப் போய்வந்தேன். மன்னிப்பும் கேட்டேன். "சரிங்க" என்றாள். சில்லறை இல்லை என்று சொல்லும் கண்டக்டரின் குரல் அதில் இருந்தது. பேரனைப் பற்றி, பருப்பு விலையைப் பற்றி எல்லாம் பேசினாள். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அப்படிப் போய்விட்டுத் திரும்பினேன். பைபாஸ், ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு. எதிரே கயிறு. பௌர்ணமி என்பதையே மறந்திருந்தேன். கடைக்காரர்தான் நின்றார்.

"வாங்க சார், ஒங்களுக்கென்ன, போங்க" என்று கயிற்றைத் தூக்கினார்.

"வேண்டாம்."

"அட, சுவரோட போங்க சார். யாரு பாக்கப்போறா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன். "சாருக்குத் திடீர்னு பக்தி வந்துருச்சு" என்று பின்னால் அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

பௌர்ணமி தவறாமல் ஊரையே சுற்ற வைத்த நான் கமிட்டிக்கு வந்த பிறகு ஒருமுறைகூடச் சுற்றியதில்லை. தெற்குத் தெருவில் அன்னதானத் தட்டுகள் காலில் மிதிபட்டன. எந்தக் கட்சிக்காரரின் பேனரோ நடைபாதையை அடைத்து நின்றது. மேற்கே திரும்பியதும் மலை நெருங்கிவந்தது. பகல் வெயிலை முகத்தில் திருப்பி அடித்தது. கரும்பலகையில் நான் போட்ட படத்தில் இந்த எரிச்சல் இல்லை. கண்மாய் மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல. மலையச் சுத்திக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"கயிறு கட்டியிருக்கு."

"கடைக்காரத் தம்பி ஒங்கள விடாமயா இருக்கும்?"

"விட்டாரு. நான்தான் போகல."

 அந்தப் பக்கம் பேரன் பார்க்கும் டிவி கேட்டது.

"இப்ப எங்கிட்டு இருக்கீங்க?"

"மேக்கால, மதகுல உக்காந்திருக்கேன்."

"அதுல உக்காராதீங்க, சுடும். ட்ரான்ஸ்பார்மரத் தாண்டுனா சிமெண்டு பெஞ்சு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் ஒடஞ்சிருக்கும். மத்தப் பக்கம் உக்காருங்க. நான் அங்கதான் உக்காந்தேன்."

போனேன். பெஞ்சு இருந்தது, ஒரு பக்கம் உடைந்துதான் இருந்தது. மற்றப் பக்கம் உட்கார்ந்தேன்.

"வடக்கால ஏத்தம் வரும். அங்க உக்கார எடமில்ல. மெதுவாப் போங்க" என்றாள்.

"நீ எப்ப வர்ற?" என்று கேட்டே விட்டேன்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வீடு பாருங்க. கீழ் வீடா இருக்கணும். பாத்துட்டுச் சொல்லுங்க, வாரேன்."

அங்கிருந்து மலை தெரியாதே என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"நாளைக்கே பாக்குறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு எழுந்தேன். வடக்கே அவள் சொன்ன ஏற்றம் இருந்தது. உட்கார இடம் இல்லை.