மூன்று இரவு நீலம்

பித்தளைத் தட்டில் கற்கள் உருண்டு அடங்கும் ஓசை, தகரக் கூரையில் தூறலின் முதல் துளிகள் விழும் ஓசையைப் போன்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தந்தையார் குளித்து, நீறணிந்து, சன்னலோரம் அமர்ந்து, பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்க்கும்போது எங்கள் வீட்டில் அந்த ஓசை எழும். பினாங்குத் துறைமுகத்தில் "கிராணி"யாக எழுத்து வேலை பார்த்த அவரிடம், இரங்கூன் கப்பலில் வந்த கெம்பு, கொழும்பிலிருந்து வந்த சந்திரகாந்தக் கல், தூத்துக்குடிப் பவழம் எனச் சிறியவையும் கீறல் விழுந்தவையுமாகப் பல கற்கள் இருந்தன. ஒன்றையும் அவர் மோதிரமாக்கிக்கொண்டதில்லை. வெயிலில் உயர்த்திப் பிடிப்பார். உள்ளங்கையில் சிவப்பும் பாலுமாக ஒளி நகரும். அந்த ஒளிக்குள் நாங்கள் எங்கோ மெல்ல மிதந்து செல்வதாக எனக்குத் தோன்றும்.

மனிதர் ஏன் கற்களைச் சேர்க்கிறார்கள் என்று பின்னாளில் பலமுறை எண்ணியிருக்கிறேன். நாளெல்லாம் பிறருடைய சரக்குகளுக்கு நடுவே நின்றவருக்கு, கைக்குள் அடங்கும் ஒளி ஒன்றாவது தமதாக வேண்டியிருந்தது போலும். அவற்றைத் தோண்டி எடுத்தவர்களின் முதுகுவலி அந்தத் தட்டில் தெரியாது என்பது, படித்துப் பட்டம் பெற்ற பிறகே எனக்கு உறைத்தது.

தட்டில் இல்லாதது நீலம் ஒன்றுதான். அது சனிக்குரிய கல். ஒத்துக்கொள்ளாவிட்டால் குடியைக் கெடுக்கும் என்று அம்மா அதை வாசற்படி ஏறவிடவில்லை. எனக்கு ஒன்பது வயதானபோது, "கடைத்தெரு"வில் கல் விற்ற பாய், மாலைக் கடலின் நிறத்தில் ஒரு நீலத்தைக் கொண்டுவந்து, அந்தக் கல்லைச் சோதிக்கும் வழக்கத்தை அம்மாவிடம் சொன்னார்.

"மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் பாருங்கக்கா. கெட்ட கனா வந்தா நானே எடுத்துக்கிட்டுப் போயிடறேன் லா."

"இவரு படுத்தா கட்டை. இவருக்கு எங்க கனா வரப்போவுது?" என்றார் அம்மா.

"பக்கத்துல படுக்குற புள்ளைக்கு வந்தாலும் சேத்திதான்."

இவ்வாறு, என் தந்தையார் பல ஆண்டுகள் ஏங்கிய கல்லின் முடிவு என் உறக்கத்தின் பொறுப்பாயிற்று. முதல் இரண்டு இரவும் வெறும் கடலையே கண்டேன். மூன்றாம் இரவு, அப்பாவைக் கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றியிருக்கக் கண்டேன். விடிந்து விழித்தபோது அவர் கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா கண்டே?" என்றார். அந்தக் குரலிலிருந்த ஆசையை என்னால் உடைக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தவற்றுள் மிக மகிழ்ச்சியானதைச் சொன்னேன்.

"கல்யாணம்ப்பா. மேளம், பந்தி எல்லாம். நீங்க பட்டு வேட்டி கட்டியிருந்தீங்க."

அவர் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"அய்யய்யோ, கல்யாணக் கனாவா! அது வீட்டுல எழவு விழறதுக்குல்லடி வரும்? சாவைக் கண்டிருந்தாலாச்சும் ஆயுசு கெட்டின்னு இருக்கலாம்."

"இல்லம்மா, நெசமா அப்பா செத்துப்போனதாத்தான் கண்டேன்."

"பாத்தீங்களா? அப்பனுக்குக் கல்லு வேணுமின்னு இப்ப மாத்திப் பேசறா!"

அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். "விடு," என்றார்.

அன்று மாலையே பாய் கல்லை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வீட்டார் திருப்பிய நீலம் என்று தெருவில் பேச்சுப் பரவியதால் அதை இங்கு எவரும் தொடவில்லை; அவர் அதை அக்கரையிலுள்ள மேடானுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. ஒரு குழந்தையின் அன்பான பொய்கூட யாரோ ஒருவரைக் கடல் கடக்க வைக்கும் என்பதை நான் மறந்ததில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், படிப்பதற்காக நான் சென்னைக்குக் கப்பலேறிய நாளில், துறைமுகத்தில் அப்பா திடீரென்று கேட்டார்: "அன்னைக்கு நெசமா எதைக் கண்டே?"

"நீங்க செத்துக் கெடந்தீங்க."

சுமைதூக்குவோர் திரும்பிப் பார்க்கும்படி அவர் சிரித்தார். "அப்ப அது எனக்குன்னே வந்த கல்லுதான்!" என்றார். கல்லே கைக்கு வந்துவிட்டதுபோல் முகமெல்லாம் நிறைந்திருந்தது.

இன்று நகைக்கடையில் நீலத்தோடு அத்தாட்சிச் சீட்டும் தருகிறார்கள். எவரும் அதை நம்பிக்கையின் பேரில் மூன்று இரவு கொடுத்தனுப்புவதில்லை. அப்பா போய் நெடுங்காலமாகிவிட்டது, அம்மாவும் இல்லை. என் கனவுகளில் அப்பா எப்போதும் உயிரோடுதான் வருகிறார். அதற்கு என்ன பலன் என்று சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.