மாமாவின் ‘உன் இஷ்டம்’

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் எங்கள் வீட்டில் அதிகமாகப் புழங்கிய வார்த்தை ‘உன் இஷ்டம்’. அதைச் சொல்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதும் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு தடவை அப்பா அவரை பஸ்ஸில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்து அழைத்துவருவார். ஊசி போடுவதற்காக அவர் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அங்கே காதை வைத்தால் உள்ளே மிஷின் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும். தெருப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து நான் கேட்கவிடுவேன். மாமா ராஜா மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதற்கிடையில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கிட்னி கெட்டவர்களில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு, மருந்துகூடக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. சைக்கிள் மணி, அம்மா, நான் எல்லோரும் ஒன்றாகவே போனோம். பக்கத்து வீட்டு பாய், மாமாவின் தோஸ்த், அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அது பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரியான குரல்.

கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள மாமாவுக்கு மனம் வராது. யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே “உன் இஷ்டம்” என்பார். அரைக்கிலோவா ஒரு கிலோவா என்று காய்க்காரம்மா கேட்டதற்கும் அதையே சொல்ல, கூடையிலிருந்த கத்திரிக்காய் மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் வந்து இறங்கியது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யார் இஷ்டத்துக்கும் விடவில்லை. அம்மா தன் சிறுநீரகத்தில் ஒன்றை அவருக்குத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் சம்மதித்துவிட்டார். அம்மா காதருகே குனிந்து கத்திக் கெஞ்சுவாள். “புள்ளைங்கள வெச்சிருக்கிறவ நீ. உன் ஒடம்புல கத்தி வெச்சித்தான் நான் பொழைக்கணுமா?” என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் வாசற்படி ஏறவே அப்பாவின் தோள் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பாயும் வந்திருந்தார். அம்மா கையில் கரண்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றாள். வழக்கம்போல் கிட்டே வந்து குனியவில்லை. சாதாரணக் குரலில் கேட்டாள்.

“தம்பி, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லட்டா?”

மாமா கரண்டியைப் பார்த்துச் சிரித்தார். “உன் இஷ்டம்க்கா.”

“அம்மா, மாமாவுக்குக் கேக்கவே...” என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள். “பேசாம சாப்பிடு.”

பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இன்னாப்பா, அக்கா கிட்னி தர்றேன்னு கேட்டாங்க, உன் இஷ்டம்னு சொல்ட்ட. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது.”

மாமாவின் கை தட்டிலேயே நின்றது. “கொழம்பு வேணுமான்னுதானே கேட்டாங்க?”

“அப்ப உனக்குக் காது கேக்கலன்னு சொல்றியா? நல்லாத்தான் கேக்குதுன்னு தெனமும் என்கிட்ட சொல்வியே?”

மாமா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். “நீ சொல்லு பாப்பா, நான் அப்படிச் சொன்னேனா?”

சொன்னது உண்மைதானே. என் குரல் கேட்காது என்பதால் தலையைப் பெரிதாக ஆட்டினேன். அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, “நாளைக்கே ஆஸ்பத்திரில சொல்லிடறேன்” என்றார்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் மாமாவைத் தனியாக உட்காரவைத்து, காகிதத்தில் எழுதிக் காட்டியே சம்மதமா என்று கேட்டாராம். “எங்க அக்கா இஷ்டம்” என்றாராம். அக்காவும் தம்பியும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். மாமா தேறி, மறுபடியும் கம்பெனிக்குப் போனார். காது மட்டும் பழையபடி ஆகவில்லை. அதனால் கத்திரிக்காய் விவகாரங்களும் தொடர்ந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் அவருக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்ததால் நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “மாமா ரொம்ப நேரமா கொழாய்கிட்ட நிக்கிறாரு. தண்ணி குடிக்கிறாரு போல.”

அம்மா கொல்லைக் கதவு வரை போய் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பினாள். “குடிக்கல. விடு.”

மாமா முகமெல்லாம் நனைந்து, கண் சிவந்து உள்ளே வந்தார். “சோப்பு கண்ணுல பட்டுடுச்சி” என்றார். அம்மா முந்தானையை நீட்டினாள். அவர் அதிலேயே முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

காக்காய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று குழாயடியில் நாங்கள் சோப்பு வைப்பதில்லை. அன்றைக்கு மட்டும் யார் வைத்தார்கள் என்று தெரியாமல், நான் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தேன்.