மருமகளின் சைக்கிளும் ஆறு மணிக் குழாயும்

என் மருமகளுடைய சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டவன் நான்தான். ஒரு நாள் அல்ல, மழை பிடிக்கும் வரை பல நாள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன், எழுபதைத் தாண்டியவன், சாயங்காலம் வீட்டில் எல்லோரும் சீரியல் பார்க்கும் நேரத்தில் பின்கட்டுக்குப் போய், டயர் வால்வைச் சாவி முனையால் அழுத்திவிட்டு வருவேன். முழுதாக விடமாட்டேன். பாதி விட்டால், முள் குத்தி மெல்ல இறங்கியது போலத் தெரியும்.

எதற்காக என்று சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. தண்ணீருக்காக.

புதுச்சேரியில் பாகூர் பக்கத்து எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும், ஏழுக்குள் நின்றுவிடும். வேகம் போதாதென்று அவரவர் வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைக் கீழே இறக்கினோம். ஒருவர் இறக்கினால் பக்கத்து வீட்டுக்கு வராது. அவர்களும் இறக்குவார்கள். இப்படிப் போட்டி போட்டு இறக்கியதில் எங்கள் வாசல் பள்ளம் இப்போது கழுத்தளவு. படித்தவன், படிக்காதவன் எல்லோரும் சேர்ந்து செய்த மடத்தனம். அதற்குள் இறங்கி நின்றுதான் குடம் பிடிக்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்குத் தலை மட்டும் தெரியும்.

என் மனைவி போன பிறகு அந்தப் பள்ளம் மருமகளுடையதாக இருந்தது. அவள் வில்லியனூர் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் வேலை செய்கிறாள். எட்டு மணிக்குக் கம்பெனி வேன். அதற்குமுன் பேத்திக்குப் பள்ளிக்கூட வேன். மகனுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட்; எந்த வாரமானாலும் காலையில் தூங்குவான்.

சைக்கிள் வாங்கிய நாள் முதல் அவளுக்கு ஒரு 'சேலஞ்ச்' வேண்டியிருந்தது. சும்மா ஓட்டினால் சலித்துவிடும், ஒன்றை முடிக்கிறோம் என்ற நினைப்பு இருந்தால்தான் படுக்கையை விட்டு எழத் தோன்றும் என்பாள். முதலில் டவுனில் ஒரு குழுவில் சேர்ந்தாள். ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி மகாபலிபுரம் வரை போகிறவர்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு, குடும்பத்தோடு வந்து இறங்கும் என் மகள், ஒரு வாரத்துத் துணி. இரண்டே தடவை போனாள். பிறகு போனில் ஏதோ ஆப், மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. பேத்திக்குக் காய்ச்சல் வந்த வாரத்தோடு அதுவும் போயிற்று. நீங்கள் பின்தங்குகிறீர்கள் என்று அது தினமும் மணியடித்துச் சொல்லும். அதைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று எனக்கே தோன்றியது.

கடைசியில் அவளே ஒன்று கண்டுபிடித்தாள். பாகூர், வில்லியனூர் ஆகிய இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் உள்ள ஏரிகள். காலையில் ஓர் ஏரி. கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிவிட்டு, ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். தூரத்து ஏரியென்றால் இருட்டிலேயே கிளம்பிவிடுவாள். குறுக்கே குறுக்கே தமிழ்நாடு வரும். அந்த ஏரிகள் சேர்த்தி இல்லை. மழை பிடித்துக் கரை சேறாவதற்குள் முடிக்க வேண்டும். பாகூர்ப் பெரிய ஏரி கடைசி.

"எழுந்திரிக்கிறது, வேன் ஏறுறது, எல்லாம் யாரோ போட்ட டைம் மாமா. இது ஒண்ணுதான் நான் போட்டது" என்றாள்.

சந்தோஷம் என்றேன். மறுநாள் ஆறு மணிக்குத்தான் புரிந்தது, பள்ளம் இனி எனக்கு என்று.

எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடியும் கையுமாக நின்று கேட்டாள்: "இன்னா வாத்தியாரே, மருமவ ஏரிய சுத்துது, நீங்க பள்ளத்துல எறங்கிட்டீங்களா?"

அவள் மருமகள் உள்ளிருந்து சேர்ந்துகொண்டாள்: "வாத்தியாரா அது? யாரோ தலைய மட்டும் வெச்சிட்டுப் போயிட்டாங்கனு பாத்தேன்."

தெருவே சிரித்தது. அதில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குப் பிறகுதான் சாவியை எடுத்தேன்.

காற்று இல்லாத காலைகளில் அவள் டயரைப் பார்ப்பாள், ஓட்டுவதற்குப் போட்ட பேண்ட்டோடு பள்ளத்தில் இறங்குவாள். நான் உள்ளே காபியோடு பேப்பர் படிப்பேன். தவளக்குப்பத்து சைக்கிள் கடைக்காரர் ட்யூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "ட்யூப்பு நல்லாக்கீதுக்கா, ஒரு காத்து முட்டைகூட வர்ல" என்றாராம். வால்வை மாற்றினாள். ட்யூப்பை மாற்றினாள். முள்தான் என்று நினைத்து, கருவேலம் மண்டிய கரைகளை விட்டுவிட்டாள். "அந்தக் கரையெல்லாம் முள்ளும்மா, எதுக்கு வம்பு" என்று நானே யோசனையும் சொன்னேன். பிடுங்கியதைவிட அதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

ஐப்பசி மழை பிடித்தது. பாதி ஏரிகள் மிச்சம், பெரிய ஏரி உட்பட. ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, சைக்கிளை விற்க போனில் படம் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

"எனக்கு எதையும் முடிக்க வராது மாமா. என் ராசி அப்படி."

அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. "உன் ராசி இல்லம்மா, நான்தான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

தூங்கி எழுந்து வந்த மகன்தான் கத்தினான்: "உனக்கு இன்னா வயசு ஆவுதுப்பா?" அவள் கத்தவில்லை. சாவியை என் பக்கம் நகர்த்தினாள்.

"கொழாயாண்ட நிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல மாமா? இவர எழுப்பி விட்டிருப்பேன்."

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. இத்தனை வருஷம் படித்து, படிப்பித்து, ஓர் ஆண்பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதைவிட ஒரு சைக்கிளைக் கெடுப்பது எளிது என்று பட்டிருக்கிறது.

கால் பம்ப் ஒன்று வாங்கினேன். பள்ளத்தை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளத்துப் படி ஏற முட்டி ஒத்துழைக்காத நாளில் மகனை எழுப்புகிறேன்; முனகிக்கொண்டு வருகிறான். பேத்தியின் சாப்பாட்டுப் பையையும் நானே கட்டுகிறேன் என்றேன். முதல் நாள் ரசம் கொட்டிக் கணக்குப் புத்தகம் நாறிப்போயிற்று. இரண்டாம் நாள் தலைபின்னத் தெரியாமல் நான் தடுமாறியதில் வேன் போயே போய்விட்டது. "தாத்தா, நீங்க ஹெல்ப் பண்ணாதீங்க ப்ளீஸ்" என்றது குழந்தை. எதிர்வீட்டு அம்மாளுக்கும் விஷயம் எப்படியோ எட்டி, "காத்துப் புடுங்கின கையில தண்ணி புடிக்கிறாரு பாரு" என்கிறாள். நான் அடுத்த குடத்தை வைக்கிறேன்.

தை பிறந்து கரைகள் காய்ந்தன. மிச்சமுள்ள ஏரிகளை முடித்துவிடலாமே, பெரிய ஏரிக்கு நான் வண்டியில் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வருகிறேன் என்றேன்.

"நீங்க வர வேணாம் மாமா. மிச்சமும் இல்ல. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். முள்ளுக்குப் பயந்து விட்ட கரை எல்லாம் சேத்து."

மொத்தமும் மறுபடி என்றால் எத்தனை காலை, எத்தனை குடம் என்று உடனே மனம் கணக்குப் போட்டது. அந்த மனத்தை என்ன செய்வது?

தினமும் அவள் எழுவதற்கு முன்பே இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து வைத்துவிடுகிறேன். அவளுக்கும் தெரியும், பம்ப் அங்கேதான் கிடக்கிறது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்ததும் குனிந்து, பின் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள். நான் பள்ளத்துக்குள் நிற்கிறேன். "வரேன் மாமா" என்று சொல்லி ஏறிப் போகிறாள்.